எஞ்சின் ஆயில் 20-ஆ, 30-ஆ, 40-ஆ? கேஎல், பினாங்கு காடிகளில் பார்த்தது

செந்தூல், வொர்க்‌ஷாப்

"நம்ம வெயிலுக்கு 0டபிள்யூ-20 தாங்காது, தண்ணி மாதிரி இருக்கு, 40 ஊத்துங்க"ன்னு கேட்டு வர்றவங்க இன்னும் நிறைய. டபிள்யூவுக்கு முன்னால இருக்கிற எண், குளிர்ல ஆயில் எப்படி ஓடும்னு சொல்றது. 0டபிள்யூவை மைனஸ் 35 டிகிரியில சோதிப்பாங்க, 5டபிள்யூவை மைனஸ் 30-ல. கோலாலம்பூர் விடியற்காலையில 23, 24 டிகிரி, அவ்வளவுதான். நமக்கு முக்கியம் பின்னால இருக்கிற எண், சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டின்னு அது சொல்லும். 100 டிகிரி சூட்டுல 20-க்கு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையோட அளவு), 30-க்கு 12.5-க்குள்ள, 40-க்கு 16.3-க்குள்ள. வெளியில 33 டிகிரி அடிச்சாலும் எஞ்சின் சூட்டைப் பிடிச்சு வைக்கிறது தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும். அதனால வெயிலை மட்டும் பார்த்து கெட்டி ஆயிலுக்குப் போக வேண்டியதில்லை.

பெரோடுவா மைவி, பெசா மாதிரி விவிடி எஞ்சின்ல (வால்வ் திறக்கிற நேரத்தை ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்துற எஞ்சின்) கேம்‌ஷாஃப்டைத் திருப்புறதே ஆயில் பிரஷர்தான், அதுவும் சின்னச் சின்னத் துவாரம் வழியா. கையேட்டுல இல்லாத கெட்டி ஆயில் ஊத்தினா அந்த வேலை மெதுவாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். ஸ்கேனர்ல பி0011 கோட் (கேம் நேரம் சரியில்லைன்னு காட்டுறது) வந்தா சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி உள்ளே என்ன கிரேடு இருக்குன்னு கேளுங்க, ஆயில் கன்ட்ரோல் வால்வோட வலையில கசடு இருக்கான்னும் கழட்டிப் பாருங்க. கையேட்டுல 0டபிள்யூ-20 கூட 5டபிள்யூ-30-ம் போட்டிருந்தா, சாமான் ஏத்தி அடிக்கடி கெந்திங் மலை ஏறுற காடிக்கு 30 நல்ல தேர்வு.

பட்டர்வொர்த், பழைய காடி பார்க்கிறவர்

செந்தூல் அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கணும். ஓட்டம் அதிகமான காடி ஆயில் குடிக்குதுன்னா உடனே 5டபிள்யூ-40 ஊத்துறாங்க. குடிக்கிறது கொஞ்சம் குறையும், நோய் அப்படியேதான் இருக்கும். புகையைப் பார்த்து முடிவு பண்ணுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணதும் குபுக்னு நீலப்புகை வந்து நின்னுட்டா வால்வ் சீல். ஆக்சிலரேட்டரை மிதிச்சு ஏத்தும்போது தொடர்ந்து வந்தா பிஸ்டன் ரிங். ரெண்டுக்கும் முன்னாடி பிசிவி வால்வை (எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியேத்துற வால்வ்) கழட்டி ஆட்டிப் பாருங்க. டக் டக்னு சத்தம் வரணும். வரலைன்னா அடைச்சிருக்கு. விலை மலிவான சாமான், ஆனா அதை யாரும் முதல்ல பார்க்கிறதே இல்லை.

பாயான் லெப்பாஸ், டர்போ காடிகள்

டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காடிக்குக் கதை வேற. வீட்டுல இருந்து ஃபேக்டரி வரைக்கும் குட்டி ஓட்டம், நடுவுல ஜாம். ஆயில் முழுசா சூடேறாது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா கீழே இறங்கி ஆயில்ல கலக்கும். ஊத்துனது 30-ஆ இருந்தாலும் நாள் ஆக ஆக 20 மாதிரி ஓடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தா பெட்ரோல் வாடை, அளவும் குறையுறதுக்குப் பதில் கூடிக்கிட்டு வரும். இப்படிப்பட்ட காடிக்கு 10,000 கிலோமீட்டர் வரட்டும்னு காத்திருக்காதீங்க. ஆறு மாசம் ஆச்சுன்னா மாத்திடுங்க. போத்தல்ல ஏபிஐ எஸ்பின்னு தரக் குறியீடு இருக்கணும். 2020-ல வந்த இந்தத் தரம், மெதுவான வேகத்துல அழுத்தி மிதிக்கும்போது நேரத்துக்கு முன்னாடி நடக்கிற எரிப்பைத் தடுக்கச் சோதிச்சது. பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு அது.

செராஸ்

சொந்தமா மாத்துறவங்களுக்கு. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு விரலால தடவிப் பாருங்க. ரெண்டு வளையம் சேர்ந்தா ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் பீய்ச்சும். புது வளையத்துல ஆயில் தடவி, தொட்டதும் கையால முக்கால் சுற்று, போதும். கையேட்டுல சொன்ன அளவுக்கு அரை லிட்டர் குறைச்சு ஊத்தி, ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, சமதரையில அஞ்சு நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பார்த்து மேல் கோடு வரைக்கும் கொண்டு வாங்க. கோட்டைத் தாண்டினா சுத்துற கிராங்க் ஆயிலை அடிச்சு நுரை வரும்.

போத்தல்ல மிச்சம் இருக்கிறதை கப்சாய் மோட்டார் சைக்கிள்ல ஊத்திடாதீங்க. அதோட கிளட்ச் ஆயில்லயே முங்கி இருக்கு. காடி ஆயில்ல வழுக்குற மருந்து சேர்த்திருப்பாங்க, மேடு ஏறும்போது கிளட்ச் நழுவும். ஜாசோ எம்ஏன்னு மோட்டார் சைக்கிள் தரம் போட்ட ஆயில்தான் அதுக்கு.