நுவார் படங்களில் வரும் வீழ்ச்சி: குற்றத்தின் விளைவா, தணிக்கையின் கட்டாயமா?

தராசுமுள்:
1940-களின் ஹாலிவுட் நுவார் படங்களை, அதாவது குற்றமும் மோகமும் வீழ்ச்சியும் நிறைந்த இருண்ட குற்றப் படங்களை, அறவிசாரணை என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1934 முதல் கண்டிப்பாக அமலாகி 1968 வரை நீடித்த தயாரிப்பு நெறிமுறை, அதாவது ஹாலிவுட் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகள், குற்றவாளி தப்பித்துவிடுவதாகக் கதையை முடிக்க இடம் தரவில்லை. ‘டிடூர்’ (1945) படத்தின் இறுதியில் காவல் வாகனம் வந்து நாயகனை ஏற்றிக்கொள்வது அந்த விதிக்குச் செலுத்திய கப்பம்தான். தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்ட கதையில் அறச்சிக்கலுக்கு என்ன வேலை இருக்கிறது?

இரவாடி:
விதி இருந்தது உண்மை. ஆனால் நல்ல இயக்குநர்கள் அதற்குப் பணிந்ததோடு நின்றுவிடவில்லை. ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்மீது கொண்ட மோகத்தாலும் பணத்தாசையாலும் அவளுடைய கணவனைக் கொன்று, அவன் ரயிலிலிருந்து விழுந்து இறந்ததாகக் காட்டி இரட்டிப்புக் காப்பீட்டுத் தொகையைப் பெற முயலும் காப்பீட்டு முகவரின் கதை அது. அந்த முகவன் நச்சுவாயு அறையில் மரண தண்டனையை அடையும் காட்சியை இயக்குநர் பில்லி வைல்டர் படமாக்கியிருந்தும், அதை நீக்கிவிட்டார். தண்டனையைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் அக்காட்சியை அல்லவா முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும்? திட்டம் பிசகின்றி நிறைவேறிய அந்த இரவிலேயே, தெருவில் நடக்கும்போது தன் காலடியோசை தனக்கே கேட்கவில்லை என்று அவன் உணர்கிறான். யாருக்காகக் கொலை செய்தானோ அவளை வெளிப்படையாகச் சந்திக்க முடியாமல், கடையில் பொருள் வாங்குவதுபோல் நடித்து, முகம் பாராமல் பேச வேண்டியிருக்கிறது. எந்தத் தணிக்கையாளரும் கேட்டு வாங்காத தண்டனை இது.

தராசுமுள்:
காட்சியை நீக்கியது குறித்து நீங்கள் சொல்வது வலுவான வாதம்தான். ஆனாலும் ஆசைகாட்டும் பழி எப்போதும் ஒரு பெண்ணின் தலையில் விழுவதை எப்படி அறம் என்பது? பாலிசியையும் ரயிலையும் தெரிந்து வைத்திருந்தவன் அவன். காப்பீட்டு நிறுவனத்தை ஏமாற்றும் வழியை அவன் நெடுநாள் மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தான் என்பதைப் படமே சொல்கிறது.

இரவாடி:
அப்படிச் சொல்வதால்தான் படம் அவனை விடுவிக்கவில்லை என்கிறேன். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’ (1945) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கையாடல் செய்த காசாளன் தன்னை ஏமாற்றிய பெண்ணைக் கொல்கிறான். அவளுடைய காதலனுக்கு மரண தண்டனை கிடைக்கிறது. கொன்றவன் இறந்தவர்களின் குரல்கள் காதில் ஒலிக்க, வீடின்றி அலைகிறான்; உண்மையை ஒப்புக்கொண்டாலும் நம்புவாரில்லை. நியூயார்க் மாநிலத் தணிக்கையாளர்கள் 1946-இல் இப்படத்துக்குத் தடை விதித்தார்கள். உங்கள் கூற்றின்படி முடிவு தணிக்கைக்காக எழுதப்பட்டது என்றால், தணிக்கையாளர்களே ஏன் அதைக் கண்டு அஞ்ச வேண்டும்?

தராசுமுள்:
அந்தக் காதலன் அயோக்கியன் என்றாலும் அக்கொலையைச் செய்யாதவன். அவன் மரணத்தைப் படம் கொன்றவனின் மனவேதனைக்கு எரிபொருளாக மட்டுமே பயன்படுத்துகிறது. செய்யாத குற்றத்துக்காக உயிரிழந்தவனுக்கென்று ஒரு காட்சியில்கூட யாரும் துக்கப்படுவதில்லை. குற்றவாளியின் தூக்கமின்மையை மட்டும் விளைவாகக் கணக்கிட்டால், பிறர் இழந்த உயிர் எந்தக் கணக்கில் சேரும்? இதற்கு நீங்கள் விடை சொல்லும்வரை என் மறுப்பு நிற்கிறது.