மீட்டருக்கு கேலிபரேஷன் தேவையா, இல்லை ஸ்டிக்கர் மட்டும் போதுமா?

ஒயிட்பீல்டு_பராமரிப்பு:
வணக்கம். பெங்களூரு ஒயிட்பீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஆடிட்டர் வந்தார். இரண்டு மல்டிமீட்டர், ஒயரைக் கவ்வி ஆம்ப் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று, இன்சுலேஷன் பார்க்கும் மெகர் ஒன்று, நாலையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுக்குக்கூட செல்லுபடியான கேலிபரேஷன் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதாவது, சரியாக அளக்கின்றனவா என்று லேபில் ஒப்பிட்டுப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டுமாம். கிளாம்புக்கு மட்டும் பழைய சான்றிதழ் இருக்கிறது, தேதி முடிந்து நாலு மாதம் ஆகிறது. லேபில் ஒரு மல்டிமீட்டருக்குக் கேட்கும் காசில் எஸ்பி ரோட்டு எலெக்ட்ரிக்கல் கடைகளில் புது மீட்டரே வாங்கிவிடலாம். என்ன செய்யலாம்?

எஸ்பி_ரோடு_வாசி:
புதுசு வாங்கிப் போடுங்க பாஸ். நான் பதினெட்டு வருஷமாக போர்டு ரிப்பேர் செய்கிறேன், ஒரு மீட்டரையும் லேபுக்கு அனுப்பியதில்லை. சந்தேகம் வந்தால் மூன்று மீட்டரை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒன்றைச் சொன்னால் வேலை முடிந்தது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஒப்பிட்டுப் பார்க்க நிலையான வோல்டேஜ் தரும் ஏடி584 சிப் போர்டு ஒன்று வாங்குங்கள். 2.5, 5, 7.5, 10 வோல்ட் கொடுக்கும். ஆடிட்டருக்குத் தேவை ஸ்டிக்கர்தான்.

பீன்யா_அளவுக்காரன்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பீன்யாவில் ஒரு கேலிபரேஷன் லேபில்தான் வேலை செய்கிறேன். என் பிழைப்பு அது என்று வாசி சார் சொல்லும் முன் நானே சொல்லிவிட்டேன்.

மூன்று மீட்டரும் ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கியதா? அப்படியென்றால் உள்ளே ஒரே சிப், விலகினால் மூன்றும் ஒரே பக்கம்தான் விலகும். பேட்டரி இறங்கினால் மலிவு மீட்டர்கள் பல அளவைக் கூட்டிக் காட்டும். மூன்றிலும் பழைய 9 வோல்ட் பேட்டரி இருந்தால் மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும்.

ஏடி584 நல்ல சிப்தான். ஆனால் அதன் ஜே கிரேடில் (துல்லியம் குறைந்த ரகம்) 10 வோல்ட்டுக்கு 30 மில்லிவோல்ட் வரை வித்தியாசம் இருக்கலாம், அதாவது 0.3 சதவீதம். 0.5 சதவீத மீட்டரை அதை வைத்துச் சோதிப்பது சரிப்படாது. சோதிக்கும் கருவி நாலு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கம். அப்புறம், அது டிசி. ஏசியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எஸ்பி_ரோடு_வாசி:
230 வோல்ட்டில் 0.3 சதவீதம் என்பது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. இங்கே லைன் வோல்டேஜே காலையில் 215, ராத்திரி 240. அந்த ஒரு வோல்ட்டை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?

பீன்யா_அளவுக்காரன்:
பிளக் பாயின்ட் பார்க்க ஒன்றும் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் குடியிருப்பில் யுபிஎஸ் இருக்குமே? 12 வோல்ட் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் வைத்த) பேட்டரிக்கு ஃப்ளோட், அதாவது நிறைந்த பிறகும் விடாமல் கொடுக்கும் வோல்டேஜ், 13.5 முதல் 13.8 வரை. வரிசையாகக் கோத்த இருபது பேட்டரி என்றால் 270 முதல் 276. மொத்த இடைவெளியே 6 வோல்ட். மீட்டர் 1.5 சதவீதம் தவறினால் 4 வோல்ட் போச்சு. குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பி சார்ஜரை ஏற்றிவிட்டால் பேட்டரி காய்ந்துவிடும்.

ஓய்வுபெற்ற_வயர்மேன்:
தம்பிகளா, இரண்டு பேரும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணுக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். மீட்டர் கையில் வெடித்தால் எதற்குத் துல்லியம்?

மஞ்சள் நிற மலிவு மீட்டரை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். 10 ஆம்ப் ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "அன்ஃபியூஸ்டு", அதாவது ஃபியூஸ் இல்லை, என்று அச்சடித்திருப்பான். அதில் லீடை விட்டபடியே பேனலில் வோல்டேஜ் பார்த்தால் நேராக ஷார்ட்தான். என்னிடம் வேலை பழகிய பையன் அப்படித்தான் செய்தான். லீடின் நுனி உருகி, உள்ளங்கையில் கருப்பாகத் தெறித்தது. கண்ணாடி மாட்டியிருந்ததால் கண் பிழைத்தது. அந்த மீட்டரில் புத்தம் புது கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

டிபியில் (மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டியில்) கை வைப்பவனுக்கு கேட்-3 என்ற பாதுகாப்பு வகை, 600 வோல்ட்டாவது வேண்டும். மெயின் வரும் இடத்தில் கேட்-4. உள்ளே கண்ணாடி ஃபியூஸ் இருந்தால் வாங்காதீர்கள். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ்தான் உள்ளே எழும் மின்பொறியை (ஆர்க்) அணைக்கும். கேட்-3 என்று வெளியே அச்சடித்துவிட்டு உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் வைத்திருப்பவர்களும் உண்டு. பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

ஒயிட்பீல்டு_பராமரிப்பு:
அண்ணே, கழற்றிப் பார்த்தேன். இரண்டு மல்டிமீட்டரிலும் கண்ணாடி ஃபியூஸ்தான். இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

பீன்யா_அளவுக்காரன்:
நல்லது. அந்த கிளாம்பின் பழைய சான்றிதழில் இரண்டாம் பக்கத்தை எடுங்கள். 10 ஆம்ப் கொடுத்தபோது என்ன காட்டியது என்று எழுதியிருக்கும்.

ஒயிட்பீல்டு_பராமரிப்பு:
ஐயோ. 10 ஆம்ப் கொடுத்ததற்கு 9.1 என்று போட்டிருக்கிறது. மீட்டர் புத்தகத்தில் அனுமதித்த பிழை 2 சதவீதமும் 5 டிஜிட்டும், அதாவது 0.2-ம், கடைசி இலக்கத்தில் 5 எண்ணான 0.5-ம். அப்படியென்றால் 0.7தான் தவறலாம், இது 0.9. ஆனால் ஸ்டிக்கரில் தேதி மட்டும்தான் இருந்தது! எங்கள் சம்ப் மோட்டாரின் நேம்பிளேட்டில் 11 ஆம்ப். ரிஜிஸ்டரில் மாதாமாதம் 10.4 என்று எழுதி வந்திருக்கிறேன். உண்மையில் 11.4 இருந்திருக்குமா?

பீன்யா_அளவுக்காரன்:
இருந்திருக்கலாம். கேலிபரேஷன் என்றால் அளந்து சொல்வதுதான், சரிசெய்வது அல்ல. தேறியதா தேறவில்லையா என்பதையும் நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்கள். பெரும்பாலானோர் முதல் பக்கத்தோடு ஃபைலில் போட்டுவிடுகிறார்கள்.

எஸ்பி_ரோடு_வாசி:
பார்த்தீர்களா? காசு கொடுத்து வாங்கிய காகிதத்தை ஒரு வருஷம் யாரும் படிக்கவில்லை. இதைத்தான் நான் ஸ்டிக்கர் வியாபாரம் என்கிறேன்.

சரி, லேபுக்குப் போகும் முன் கிளாம்பின் வாயைத் துடையுங்கள். இரண்டு முனையும் ஒட்டாமல் இடைவெளி விழுந்தால் குறைத்துத்தான் காட்டும். ஒயரைப் பத்துச் சுற்று சுற்றி உள்ளே விடுங்கள். இஸ்திரிப்பெட்டி 3 ஆம்ப் இழுத்தால் 30 காட்ட வேண்டும்.

பீன்யா_அளவுக்காரன்:
பத்துச் சுற்று யோசனை அருமை, நாங்களும் சுருள் வைத்துத்தான் சோதிக்கிறோம். ஆனால் அந்த 3 ஆம்ப் 3தானா என்று எதை வைத்துப் பார்ப்பது?

எஸ்பி_ரோடு_வாசி:
மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

ஒயிட்பீல்டு_பராமரிப்பு:
துடைத்தேன். வாயின் ஒரு முனையில் பெயின்ட் துணுக்கு ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். சம்ப் மோட்டாரில் இப்போது 11.2 காட்டுகிறது. பம்பின் பேரிங் சத்தம் போடுகிறது என்று வாட்ச்மேன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், நாளைக்குப் பிரிக்கிறோம். கிளாம்பையும் மெகரையும் லேபுக்கு அனுப்புகிறேன், கேட்-3 மல்டிமீட்டர் ஒன்று வாங்குகிறேன். எஸ்பி ரோட்டில் கடைக்காரர் பின்மூடியைக் கழற்ற விடுவாரா?

எஸ்பி_ரோடு_வாசி:
ஸ்க்ரூடிரைவரோடு போங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள்.