பெற்றோர் கூட்டத்துக்கு ஆக்கள் ஏன் வாறதில்லை? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

குருநகர், தரம் 8 மாணவனின் அம்மா:
எங்கட பள்ளிக்கூடத்தில கூட்டம் எண்டால் எப்பவும் வேலைநாள் காலமை எட்டரைக்குத்தான். வள்ளம் கரைக்கு வாற நேரமும் அதுதான். வலையில மீன் கழட்டி, ஏலத்தில குடுத்து முடியப் பத்தாகிடும். வராத ஆக்களின்ர பிள்ளையளை அடுத்தநாள் வகுப்பில எழுப்பி விடுவினம். "வீட்டில அக்கறை இல்லை" எண்டு கொப்பியிலயும் எழுதி வந்தது.

இந்த வருசம் வந்த வகுப்பு ரீச்சர் ஒரு பின்னேரம் போன் எடுத்தா. "என்ன செய்துபோட்டான்?" எண்டு பதறிக் கேட்டன். "ஒண்டுமில்லையம்மா, கணக்கு நல்லாச் செய்யிறான், அதைச் சொல்லத்தான்" எண்டா. பிறகு, எனக்கு எப்ப வர வசதி எண்டு கேட்டா. போய்க் கதைக்கேக்கதான் அவனுக்குக் கரும்பலகை வடிவாத் தெரியிறேல்லை எண்டதைச் சொன்னன். அதுமட்டும் ஒருத்தரும் எங்களிட்ட ஒண்டும் கேட்டதில்லையே. இப்ப முன்வாங்கில இருக்கிறான்.

வடமராட்சி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்:
தவணைச் சோதனை முடிய, எல்லாருக்கும் முன்னால மாக்ஸ் வாசிக்கிற பழக்கம் இஞ்ச இருந்தது. 28 எடுத்த பிள்ளையின்ர தாய் அடுத்த தவணைக்கு வருவாவோ? நான் இப்ப ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு, கொப்பியை விரிச்சு வைச்சுக் கதைக்கிறன். நேரம் இழுபடும்தான்.

தரம் 5 பெற்றோரோட கதைக்கிறது வேற பாடு. பிள்ளை இடைவேளையில ஒருத்தரோடயும் சேராமல் தனிய இருக்குது எண்டு சொன்னால், "அது கிடக்கட்டும் சேர், புலமைப்பரிசிலுக்கு வெட்டுப்புள்ளி தாண்டுவானோ?" எண்டுவினம்.

சாவகச்சேரி, ஒரு சித்தி:
பெறாமகளை நான்தான் பாக்கிறன். அக்காவும் அத்தானும் கட்டாரில. 2020இல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டேக்க தொடங்கின வைபர் குறூப்பில அக்காவின்ர நம்பர்தான் கிடந்தது. கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. வெள்ளத்தால பள்ளிக்கூடம் இல்லையெண்டு விடிய ஆறு மணிக்குப் போட்ட செய்தியை அவள் நித்திரையால எழும்பிப் பாக்க, நாங்கள் நனைஞ்சுபோய்ப் பூட்டின கேற்றடியில நிக்கிறம். அண்டைக்கே அதிபரோட கதைச்சு என்ர நம்பரையும் சேர்ப்பிச்சன். படிவத்தில தாய், தகப்பன், பாதுகாவலர் எண்டு மூண்டு இடம் இருக்கு. மூண்டாவதை நிரப்பச் சொல்லி ஆரும் கேக்கிறேல்லை.

வடமராட்சி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்:
நம்பர் தாறம், எடுங்கோ. ஆனால் இரவு பத்தரைக்கு "நாளைக்குச் சித்திரக் கொப்பி வேணுமோ சேர்?" எண்டு கேக்கிறதை மட்டும் விடுங்கோ. ஏழு மணிக்குள்ள எண்டால் கட்டாயம் மறுமொழி சொல்லுவன்.