மறு: வெடிகுண்டு மிரட்டல் அட்டை: ‘பாதுகாப்பான தூரம்’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லா மடல்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்.

நம் கையில் இருப்பது, வெடிகுண்டு மிரட்டலின்போது ஆட்களை எவ்வளவு தள்ளி நிறுத்தவேண்டும் என்று சொல்லும், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் எஃப்பிஐயும் சேர்ந்து வெளியிடும் சின்ன அட்டை. அதை நாம் தமிழாக்கும்போது அந்தத் தூரத்துக்கு (stand-off distance) என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. அட்டையைப் பார்க்கப்போகிறவர் வெடிகுண்டு நிபுணர் இல்லை. நிபுணர் என்பவர் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில், ரெட்ஸ்டோன் படைத்தளத்தில் 1971-இல் தொடங்கிய பள்ளியில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். அவர் தன் எந்திரனோடும் எக்ஸ்ரே கருவியோடும் வந்து சேரும்வரை களத்தில் நிற்பவர்கள் ரோந்துக் காவலரும் தீயணைப்பு வீரரும் ஆம்புலன்ஸ் பணியாளரும்தான். சந்தேகத்துக்குரிய பெட்டியைத் தொடுவது அவர்கள் வேலை இல்லை. ஆட்களை எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதுதான் அவர்கள் முதலில் எடுக்கவேண்டிய முடிவு. ஆகவே நாம் போடும் சொல் அவர் வாயில் வரவேண்டும், வாக்கி டாக்கியின் இரைச்சலில் கேட்கவேண்டும்.

> ‘பாதுகாப்பான தூரம்’ என்றே இருக்கட்டுமே. படித்தவுடன் புரிகிறது. எதற்குப் புதுச்சொல்?

படித்தவுடன் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். குழாய் வெடிகுண்டு என்ற வரியில் 5 பவுண்டு (சுமார் 2.3 கிலோ, டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில்) என்று போட்டு, கட்டாயமாக வெளியேற்றவேண்டிய தூரம் 70 அடி என்கிறார்கள். அதே வரியின் கடைசிக் கட்டத்தில் 1,200 அடி. இந்த இரண்டில் எது ‘பாதுகாப்பான தூரம்’? 70 அடி என்று நினைத்து ஒருவர் வெட்டவெளியில் 80 அடியில் நின்றால், பறந்து வரும் இரும்புச் சில்லு அவரை விட்டுவைக்காது. 70 அடி என்ற எண், வலுவூட்டப்படாத சாதாரணக் கட்டடம் கடுமையாகச் சேதமடையாமல், சரிந்து விழாமல் நிற்குமா என்பதை வைத்துப் போட்டது. 1,200 அடியோ சில்லு பறக்கும் தொலைவு, கண்ணாடி உடைந்து விழும் தொலைவு, இரண்டில் எது பெரிதோ அதை வைத்துப் போட்டது. முதல் எண்ணுக்கு உள்ளே கட்டடத்துக்குள்கூட யாரும் இருக்கக் கூடாது. இரண்டாவதற்கு அப்பால் வெளியில் நிற்கலாம். இடைப்பட்ட பகுதியில் கட்டடத்துக்குள், சன்னலை விட்டுத் தள்ளி இருக்கவேண்டும். மூன்று பகுதி, மூன்று விதமான ஆபத்து. ‘பாதுகாப்பான’ என்ற ஒற்றை அடைமொழி இதை எல்லாம் மெழுகிவிடுகிறது. அட்டை எந்த இடத்திலும் தராத உறுதிமொழியை நாம் ஏன் தமிழில் தரவேண்டும்?

இந்த இரண்டு எண்களும் வேறுவேறு இயற்பியலில் இருந்து வருகின்றன என்பதை அட்டையே காட்டிக்கொடுக்கிறது. வெடிப்பின் அழுத்த அலையைப் பொறுத்தவரை தூரம் எடையின் கனமூலத்தைப் பின்பற்றும். ஹாப்கின்சன், கிரான்ஸ் என்ற இருவரின் பெயரால் வழங்கும் பழைய விதி அது. 5 பவுண்டுக்கு 70 அடி என்றால், 50 பவுண்டுப் பெட்டிக்கு எடை பத்து மடங்கு, கனமூலம் ஏறத்தாழ 2.15, ஆக 151 அடி வரவேண்டும். அட்டையில் 150. வேன் ஒன்றில் 1,000 பவுண்டு என்றால் எடை 200 மடங்கு, தூரம் ஏறக்குறைய 5.85 மடங்கு, 409 அடி. அட்டையில் 400. முதல் கட்டம் முழுக்க இப்படியே அழகாகப் பொருந்துகிறது. இரண்டாவது கட்டத்தில் அதே கணக்கைப் போட்டால் வேனுக்கு 7,000 அடிக்கு மேல் போகும். அட்டையிலோ 2,400 அடிதான், குழாய் வெடிகுண்டைப்போல இரண்டே மடங்கு. குழாயிலும் பெட்டியிலும் இருப்பது சில்லு தெறிக்கும் குண்டு என்று வைத்துக்கொண்டுதான் அவற்றுக்கு எடைக்கு மீறிய தூரம் கொடுத்திருக்கிறார்கள். அட்டையின் அடிக்குறிப்பே அப்படிச் சொல்கிறது. நம் வரைவில் அந்த அடிக்குறிப்பு விடுபட்டிருக்கிறது. தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ‘சின்னக் குழாய்க்கு இவ்வளவு தூரமா’ என்று படிப்பவர் அச்சுப்பிழையாக நினைத்துக்கொள்வார்.

இரண்டு ஆபத்தும் ஒரே இடத்தில் தெரிந்த நிகழ்வு வேண்டுமென்றால் 1995 ஏப்ரல் 19, ஓக்லஹோமா சிட்டி. லாரியில் வைத்த குண்டு. இறந்த 168 பேரில் பெரும்பாலோர் மர்ரா கூட்டரசுக் கட்டடம் சரிந்ததில் இறந்தவர்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் சேதமடைந்த கட்டடங்கள் 300-க்கும் மேல், அங்கெல்லாம் ஆட்களைக் கிழித்தது பெரும்பாலும் கண்ணாடி.

சரி, சொல்லுக்கு வருவோம். இதுவரை வந்தவை: விலகல் தூரம், எட்டு தொலைவு, ஒதுங்கு தொலைவு, தள்ளிநிற்புத் தூரம்.

> ‘எட்ட நில்’ என்பது எல்லோர் வாயிலும் இருக்கும் தொடர். ‘எட்டு தொலைவு’ என்றால் சுருக்கமாக இருக்கும்.

தொடர் அருமைதான், ஐயா. சுருக்கியதில்தான் வில்லங்கம். ‘எட்ட’ என்றால் தள்ளி. ‘எட்டும்’ என்றால் கைக்கு வரும். கைக்கு எட்டும் தூரம் என்று நாம் சொல்வது நேரெதிரான பொருளில். இது போதாதென்று எண் வேறு. “எட்டு தொலைவு நானூறு அடி” என்று வாக்கி டாக்கியில் ஒருவர் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் எந்த எண்ணை எழுதிக்கொள்வார்? பின்னால் எண் வரப்போகிற சொல்லுக்குள்ளேயே ஓர் எண் ஒளிந்திருக்கக் கூடாது.

‘விலகல் தூரம்’ சொன்ன நண்பருக்கு: புள்ளியியல்காரர்கள் திட்ட விலகல் என்று ‘விலகல்’ என்பதைப் பட்டா போட்டு எடுத்துக்கொண்டார்கள். ஆய்வறிக்கையில் அளவீட்டின் விலகலும் இந்தத் தூரமும் ஒரே பத்தியில் வரும், அப்போது முட்டிக்கொள்ளும். ஆனால் வேர் சரியான வேர். கூட்டத்தைப் பார்த்துக் காவலர் கத்துவதே “விலகு, விலகு” என்றுதான். எனவே பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையடியையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. விலகுதொலைவு. குடிநீர், சுடுகாடு போல வினைத்தொகை. விலகிய, விலகுகிற, விலகும் தொலைவு என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. ‘விலகுத்தொலைவு’ என்று யாரும் த் போட்டுவிட வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்க நேரிடும்.

தூரமா, தொலைவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ‘விலகுதூரம்’ என்று யாராவது பேச்சில் சொன்னால் அதுவும் புரியும், ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

> அப்படியானால் ‘ஒதுங்கு’ என்ற என் சொல்லைக் கைவிடச் சொல்கிறீர்களா? அதற்குள்ள வேறு பொருளைக் காட்டிச் சிலர் சிரித்ததும் தெரியும்.

சிரித்தவர்களை விடுங்கள். கைவிடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். மழைக்கு ஒதுங்குகிறோம். வெயிலுக்கு ஒதுங்குகிறோம். கூரை இருக்கும் பக்கமாகப் போய் நின்று, அடங்கும்வரை காத்திருப்பதுதான் ஒதுங்குவது. அட்டையின் நடுப்பகுதி கேட்பதும் அதையேதான்: வெளியே ஓடாதே, கட்டடத்துக்குள் போய் உட்சுவர்ப் பக்கமாக இரு. வரைவில் அதற்கு ‘உள்ளிருப்புப் பகுதி’ என்று இருக்கிறது. ‘உள்ளிருப்பு’ என்று கேட்டதும் தமிழருக்குத் தோன்றுவது போராட்டம், முழக்கம், கைது. அதைத் தூக்கிவிட்டு உள்ளொதுங்கு பகுதி என்று வைத்தால் உங்கள் சொல் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

இதைவிட அவசரமாக மாற்றவேண்டியது கடைசிக் கட்டத்தின் தலைப்பு. வரைவில் ‘விருப்ப வெளியேற்றத் தூரம்’ என்று இருக்கிறது. விருப்ப ஓய்வு, விருப்பப் பாடம் என்று பழகிய கண்ணுக்கு இது ‘வேண்டுமானால் போகலாம், வேண்டாவிட்டால் இருக்கலாம்’ என்று தோன்றும். மூலம் சொல்வது அது இல்லை. முடிந்தால் எல்லோரையும் இந்தத் தொலைவுக்குக் கொண்டுபோ, முடியாதபோதுதான் உள்ளே ஒதுங்கவை என்பதே அதன் பொருள். ‘முழு விலகுதொலைவு’ என்று போடலாம். முதல் கட்டத்துக்குக் ‘கட்டாய விலகுதொலைவு’. ஒரே சொல் இரண்டு அடைமொழியோடு வருவதால் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கவும் எளிது.

> ஏன் குண்டின் வகையைச் சொல்லாமல் பெட்டி, கார், வேன் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்? வேதிப்பொருளின் பெயர் அல்லவா முக்கியம்?

நல்ல கேள்வி. ராணுவத் தொழிற்சாலையில் செய்த குண்டு என்றால் அடையாளம் கண்டவுடன் கையேட்டைப் புரட்டி எடையும் நிரப்பியதும் தெரிந்துகொள்ளலாம். இங்கே பேசுவது கிடைத்ததை வைத்து ஒருவன் தானே கட்டியதை. உள்ளே என்ன, எவ்வளவு என்பது திறக்கும்வரை தெரியாது, திறக்கவும் கூடாது. வெளியிலிருந்து உறுதியாகத் தெரிவது பாத்திரத்தின் அளவு ஒன்றுதான். ஆகவே இந்தப் பெட்டிக்குள் அதிகபட்சம் எவ்வளவு அடங்கும் என்று கணக்கிட்டு, அதற்கான தொலைவைச் சொல்லிவிடுகிறார்கள். மதிப்பீடு என்பது முதல் சில நிமிடங்களில் இவ்வளவுதான். அதற்கு மேலான மதிப்பீடு நிபுணர் வந்து எக்ஸ்ரே எடுத்த பிறகு. அதற்கும் அரசு ஆய்வகங்கள்தான் கருவி செய்து கொடுக்கின்றன. எக்ஸ்ரே படத்தைத் தெளிவாக்கிப் பார்க்க சாண்டியா தேசிய ஆய்வகம் எழுதிய மென்பொருளை வெடிகுண்டுப் பிரிவுகள் இலவசமாகவே வாங்கிக்கொள்கின்றன.

இதனால்தான் ‘மேம்படுத்தப்பட்ட வெடிக்கும் சாதனம்’ என்று செய்திகளில் ஓடும் தொடரை நம் பட்டியலில் இருந்து இன்றே எடுத்துவிடச் சொல்கிறேன். யாரும் எதையும் மேம்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் improvised (கிடைத்ததை வைத்துச் செய்தது), improved (மேம்படுத்தியது) என்ற இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலித்ததால் வந்த வினை இது. ஒரு தோழி ‘ஒப்பேற்று வெடி’ என்று எழுதியிருந்தார். பொருள் கச்சிதம், ‘இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிட்டான்’ என்பதைவிடப் பொருத்தமாகச் சொல்லவே முடியாது. ஆனால் அதில் ஒரு கேலி இருக்கிறது, ஏதோ ஒழுங்காக வெடிக்காத பட்டாசு என்பதுபோல. ‘நாட்டு வெடிகுண்டு’ என்பதோ செய்தித்தாள்களில் குறிப்பிட்ட ஒரு வகைக்கு நிலைத்துவிட்டது. இப்போதைக்குக் ‘கையாக்க வெடிகருவி’ என்று வைத்து நகர்வோம்.

முதலில் களத்துக்கு வரும் காவலர், தீயணைப்பு வீரர் போன்றோருக்கு (first responder) ‘முதல் மறுமொழியாளர்’ வேண்டாம், யாரும் அங்கே கேள்வி கேட்கவில்லை. ‘முதலுதவியாளர்’ வேறு ஆள். 2020-க்குப் பிறகு ஊருக்கே தெரிந்த ‘முன்களப் பணியாளர்’ போதும்.

‘உணர்திறன்’ பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அறிவியல் தொழில்நுட்ப இயக்ககம் பணம் கொடுத்து, ஒரே கையாக்கக் கலவையைப் பல ஆய்வகங்களில் இடிக்கும், உராய்வுக்கும், நிலைமின் பொறிக்கும் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்கிறது என்று ஒப்பிட்டுச் சோதிக்கச் செய்திருக்கிறது. லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகங்களும் அதில் உண்டு. இந்தக் குணத்துக்கும் உணர்திறன், பொருளைக் கண்டுபிடிக்கும் கருவியின் கூர்மைக்கும் உணர்திறன் என்று வரைவில் இருக்கிறது. ‘உணர்திறன் மிக அதிகம்’ என்று படித்தால் கருவி நல்ல கருவி என்று மகிழ்வதா, பொடியை விட்டு ஓடுவதா? கருவிக்கு உணர்திறன் இருக்கட்டும். வெடிபொருளுக்கு நல்ல சொல் அமையும்வரை ‘எளிதில் வெடிக்கும் தன்மை’ என்று நீட்டியே எழுதுவோம்.

கடைசியாக மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒன்று. அடியை மீட்டராக்கும்போது அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகிற பள்ளிக்கூடப் பழக்கம் இங்கே ஆகாது. 70 அடி என்பது 21.3 மீட்டர். 21 என்று எழுதினால் ஆளை ஓர் அடி உள்ளே இழுத்துவிடுகிறோம். விலகுதொலைவை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும்: 70, 400, 1,200, 2,400 அடிகளுக்கு முறையே 22, 122, 366, 732 மீட்டர். உள்ளொதுங்கு பகுதியின் தொடக்க எண்ணும் இதற்கேற்ப மாறும், அதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.