சிறைக்குள் தரப்படும் தண்டனைக்கு யாரிடம் காரணம் கேட்பது?

பட்டர்வொர்த்வாசி:
வணக்கம். என் அக்காள் மகன் போதைப்பொருள் வழக்கொன்றில் விசாரணைக் கைதியாக எட்டு மாதங்களாக உள்ளே இருக்கிறான். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு ஆபத்தான போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு அவனுக்கு ஜாமீன் கிடைக்கவிடாது என்பது எங்களுக்குத் தெரியும்; அதைப் பற்றி நான் கேட்கவில்லை. சென்ற மாதம் அக்காவும் நானும் விடியற்காலையில் கிளம்பிப்போய் எண்சீட்டு வாங்கிக் காத்திருந்தோம். பதினொரு மணிக்கு, அவன் தண்டனை அறையில் இருப்பதால் பார்க்க முடியாது என்றார்கள். என்ன தவறு, எத்தனை நாள் என்று கேட்டதற்கு "பெராத்துரான்" (விதிமுறை) என்ற ஒற்றை மலாய்ச் சொல்தான் பதிலாக வந்தது. அக்கா அந்தச் சீட்டை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே நின்றார். அடுத்த முறை கண்ணாடிக்கு அப்பாலிருந்து பேசியபோது, தனக்கும் காரணம் சொல்லப்படவில்லை என்றான். கேமரா பொருத்திவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அது போதுமா?

கோலாலம்பூர் வழக்கறிஞர்:
தம்பி, போதாது. கேமரா அடியைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. 1995ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின்படி ஒழுங்குக் குற்றங்களைப் பெரும்பாலும் சிறைப் பொறுப்பதிகாரியே விசாரித்துத் தண்டிக்கிறார். புகார் சொல்வது அவருடைய ஊழியர், தீர்ப்பு சொல்வது அவர் என்னும்போது, நல்ல அதிகாரி வாய்த்தால் நியாயம், இல்லாவிட்டால் தலைவிதி என்றாகிவிடுகிறது. கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள், குற்றச்சாட்டைக் கைதிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும், தனிமைச் சிறை தொடர்ந்து 15 நாள்களைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கின்றன; ஆனால் அவற்றுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குத் தடுப்பு இடங்களைப் பார்வையிடும் அதிகாரம் உண்டென்றாலும், அந்தந்த இடத்துக்குரிய சட்ட நடைமுறைக்கு உட்பட்டுத்தான் அது செல்ல முடியும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவின்படி, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் மரண விசாரணை நடத்தியே ஆகவேண்டும். சிறையில் இறந்தாலோ, மாஜிஸ்திரேட் தேவையென்று கருதினால் நடத்தலாம். இந்த "நடத்தலாம்" என்பதை "நடத்த வேண்டும்" என்று மாற்றுவதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை.

ஓய்வுபெற்ற வார்டர், காஜாங்:
வழக்கறிஞர் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஐயா, சட்டத்தை மட்டும் திருத்தி இதைச் சரிசெய்துவிட முடியாது. கோலாலம்பூரின் புடு சிறை 1996இல் மூடப்பட்ட காலத்திலிருந்து நான் பார்த்தது ஒன்றுதான்: ஆள் நிரம்பி வழியும் பிளாக்கில் இரவு வேலை பார்க்கும் வார்டர், தன்னால் முடியாததைச் செய்ய அங்குள்ள முரட்டுக் கைதியையே நம்புகிறார். அதன்பிறகு அடிப்பதும் மிரட்டுவதும் அந்தக் கைதியின் கையில்தான். ஜாமீன் தொகை கட்ட முடியாமல் உள்ளே கிடப்பவர்களை வெளியே விட்டாலே பாதிச் சண்டை குறையும் என்பது என் கருத்து. ஆனால் தண்டனைக்குக் காரணம் எழுதுவதில் நானும் வழக்கறிஞர் பக்கம்தான். பின்னாளில் பொய்ப் புகார் வந்தால் வார்டரைக் காப்பாற்றுவதும் அதே தாள்தான்.

பட்டர்வொர்த்வாசி:
அப்படியானால் இப்போது நாங்கள் யாருக்கு எழுதுவது?

கோலாலம்பூர் வழக்கறிஞர்:
சிறைச் சட்டத்திலேயே வருகை நீதிபதி என்ற பொறுப்பு இருக்கிறது. கைதிகளின் குறைகளைக் கேட்பது அவர் வேலை. சிறைப் பொறுப்பதிகாரிக்கு எழுதுங்கள், நகலை வருகை நீதிபதிக்கும் சுஹாகாமுக்கும் அனுப்புங்கள். கடிதம் என்று அலட்சியமாக எண்ண வேண்டாம்: டெல்லியின் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதைக்கு ஆளானதை எழுதியனுப்பிய கடிதத்தையே இந்திய உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது, 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ண ஐயர். இங்கே அதே வழி திறக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. நீங்கள் சென்ற தேதி, நேரம், எண்சீட்டு எண் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

பட்டர்வொர்த்வாசி:
நன்றி ஐயா. சீட்டை அக்கா தூக்கிப் போடவில்லை, பணப்பையில்தான் வைத்திருக்கிறார். எண் இன்னும் படிக்க முடிகிறது.