தீயே இல்லாம 101-க்குக் கூப்பிடலாமா?

முத்தியால்பேட்டை மகள்:
2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் கரையைக் கடந்த ராத்திரி. புதுச்சேரியில எங்க தெரு முழுக்கக் கரண்ட் இல்ல. கீழ்ப்போர்ஷன்காரங்க மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழ வச்சு ஓட்டினாங்க. மேல இருந்த அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல். எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய் உக்காந்ததும் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சுது. லேசா பெட்ரோல் வாடை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் "புகையே இல்லையே, புயல் பயத்துல வந்த மயக்கம்" னு சொல்லி முடிச்சுட்டார். திரும்ப இப்படி ஆனா தீயணைப்பு நிலையத்துக்குக் கூப்பிடலாமா? நெருப்பு இல்லாத இடத்துக்கு வந்து அவங்க என்ன செய்வாங்க?

கடலூர் முதுநகர் பெரியவர்:
கூப்பிடணும்மா, தயங்கவே கூடாது. 101 இல்லன்னா 112. கிணத்துல விழுந்த மாட்டுக்கும் சமையல்கட்டுல புகுந்த பாம்புக்கும் வர்ற வண்டி இது. நான் தீயணைப்பு நிலையத்துல வேலை பார்த்தவன். ஓய்வுக்கு அப்புறம் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில சேஃப்டி பக்கம் இருந்தேன். காத்துல விஷவாயு எவ்வளவுன்னு அளக்கிற கேஸ் மீட்டரும், முதுகுல காத்து சிலிண்டரும் முகத்துல மாஸ்க்குமா மாட்டிக்கிற பி.ஏ. செட்டும் என் கையில புழங்கின பொருள், அதனால விவரமாவே எழுதறேன்.

போன்ல "கேஸ் லீக்" னு மட்டும் சொல்லாதீங்க, சிலிண்டர்னு நினைச்சுக்குவாங்க. சிலிண்டர் கேஸ் காத்தை விடக் கனம், தரையோட படியும், வாடை காட்டிக் கொடுக்கும். உங்க வீட்ல ஏறினது ஜெனரேட்டர் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவாத்தான் இருக்கும். அதுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல. எடை கிட்டத்தட்ட காத்தோட எடைதான், அதனால வீடு பூரா கலந்து படிக்கட்டு வழியா மேல ஏறிடும். உங்களுக்கு அடிச்சது ஜெனரேட்டர் புகையில இருந்த மத்த வாடை. "உள்ளே ஜெனரேட்டர் ஓடுது, வீட்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை சுத்துது, இத்தனை பேர் இருக்கோம்" இப்படிச் சொல்லுங்க. எல்லாருக்கும் ஒண்ணா வர்ற தலைவலிதான் எங்களுக்குத் துப்பு. வளர்க்கிற நாய் சோர்ந்து கிடந்தா அதையும் சொல்லுங்க. ஆனா முதல்ல வெளியே வந்துட்டு அப்புறம் போன்.

வந்ததும் தலையை எண்ணுவோம். யாராவது உள்ளே விழுந்து கிடந்தா அளவெடுத்துக்கிட்டு நிக்கிற பேச்சே இல்ல. பி.ஏ. செட் மாட்டி, ரெண்டு பேரா போய்த் தூக்கிட்டு வருவோம். ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டு ஓடுற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தறது அதைவிடக் கஷ்டம். இந்த வாயுவைத் துணி வடிகட்டாது. அம்மாவைத் தேடிப் போற மகனும் அங்கேயே விழுவான்.

எல்லாரும் வெளியே வந்துட்டா நிதானமா வேலை பார்க்கலாம். மீட்டரை வெளிக்காத்துல ஆன் பண்ணி சைபர் காட்டுதான்னு பார்க்கணும். எங்க வண்டியோட சைலன்சர் பக்கத்துல நின்னு பார்க்கக் கூடாது. முதல் ரீடிங் வாசல்லயே. அமெரிக்காவுல வீட்டு அலாரம் அடிச்சே இந்த அழைப்புகள் நிறைய வரும். அங்க பல தீயணைப்புத் துறைகள்ல 35 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காத்துல 35 பங்கு) தாண்டினாலே பி.ஏ. செட் மாஸ்க் போட்டுக்கணும். 1200 வந்தா உயிருக்கு உடனடி ஆபத்துன்னு கணக்கு. ஆள் யாரும் உள்ளே இல்லன்னா ஜன்னலை அவசரப்பட்டுத் திறக்காம அறை அறையா அளப்பாங்க. திறந்தா அளவு இறங்கிடும், எங்கிருந்து வந்ததுன்னு தெரியாமலே போயிடும். இடம் தெரிஞ்சு அதை நிறுத்தின பிறகு காத்தோட்டம், திரும்ப அளவு. பக்கத்துப் போர்ஷன், மேல்மாடி எல்லாம் அளக்கணும். உங்க வீட்ல நடந்ததைப் பாருங்க, ஜெனரேட்டர் ஓடினது கீழே, மயங்கினவங்க மேலே. மீட்டர் இல்லாத வண்டி வந்தாலும் பி.ஏ. செட்டோட போய் ஜெனரேட்டரை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, உங்களை வெளியேயே வச்சிருப்பாங்க.

ஜெனரேட்டர் வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி இருக்கணும், புகைவாய் எந்த ஜன்னலையும் பார்க்கக் கூடாது. மழைன்னா நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போடச் சொல்லுங்க. 2011 தானே புயலுக்கு அப்புறம் கடலூர்ல தண்ணி ஏத்தத் தெருத்தெருவா ஜெனரேட்டர் ஓடிச்சு. அப்போலேர்ந்து இதை யார்கிட்ட வேணா சொல்லிக்கிட்டே இருக்கேன்.

நைட் டூட்டி நர்ஸ்:
அக்கா, பெரியவர் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரை இதுல நம்பாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறினதுன்னே எடுத்துக்கிட்டு 98 காட்டும். இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிக்கும். வெறும் காத்துல பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்ல முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். அதனால தெளிஞ்சுட்டாலும் 108-க்குக் கூப்பிடுங்க, வந்ததும் ஜெனரேட்டர் விஷயத்தை முதல்ல சொல்லுங்க. அதுக்குன்னு தனி ரத்தப் பரிசோதனை இருக்கு. கர்ப்பிணி யாராவது இருந்தா, ஒண்ணும் இல்லன்னாலும் வந்தே ஆகணும்.

வில்லியனூர் தம்பி:
ஐயா, எங்க பாத்ரூம் உள்ளேயே கேஸ் கீசர் இருக்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கிட்டா போதுமா?

கடலூர் முதுநகர் பெரியவர்:
போதாது தம்பி. கீசரை வெளியே, காத்தோட்டமான இடத்துல மாட்டி, வெந்நீரை மட்டும் பைப்ல உள்ளே கொண்டு வாங்க. அதுவரைக்கும் கதவைத் திறந்து வச்சு வாளியில பிடிச்சுட்டு, கீசரை அணைச்சுட்டுக் குளிங்க.

முத்தியால்பேட்டை மகள்:
ரொம்ப நன்றி ஐயா. வீட்டுக்காரர்கிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டறேன். அலாரம் ஒண்ணு வாங்கினா எங்கே மாட்டணும்?

கடலூர் முதுநகர் பெரியவர்:
அம்மா படுக்கிற அறைக்கு வெளியே, தூக்கத்துலயும் சத்தம் கேக்குற இடத்துலம்மா. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு கேட்டு வாங்குங்க. புகை அலாரம் வேற, அது இதுக்கு அடிக்காது.