பல்லைப் பார்க்காமல் முடிந்த குர்பானி வியாபாரம்: சந்தையில், ஈத்காவில், அறுக்கும் இடத்தில் பார்த்ததை எழுதுங்கள்

பழையபேட்டை, கிருஷ்ணகிரி:

அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீதுக்கு முந்தின வாரம், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை. ஒரு கறுப்புக் கலப்புக் கிடா, உயிர் எடை 34 கிலோ, கொம்பில் எண்ணெய், கழுத்தில் சலங்கை. வாங்க வந்தவர் முதுகெலும்பை அழுத்தினார், தொடையைப் பிடித்தார், தூக்கிப் பார்த்தார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிந்தது. வாயை ஒருவரும் பார்க்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது கிடா கத்தியது. கீழ்வரிசையில் எட்டும் பால் பல். அரிசி மாதிரிச் சின்னதாக, வெள்ளையாக, ஒரே அளவு.

பக்ரீதில் அறுத்துக் கொடுக்கிற குர்பானிக்கு எடை கணக்கே இல்லை, வயசுதான் கணக்கு. நம்ம ஹனஃபி மத்ஹபில், அதாவது ஹனஃபி மார்க்கச் சட்ட மரபில், வெள்ளாட்டுக்கு ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும். ஜமுனாபாரி, போயர் கலப்புக் கிடாவுக்கு மக்காச்சோளமும் பிண்ணாக்கும் கட்டிப் போட்டுக் கொடுத்தால் வயசு வருவதற்கு முன்பே கனம் வந்துவிடும். நம்ம பக்கத்துச் சேலம் கருப்பு இன வெள்ளாடு அப்படி ஏறாது. அது மெல்லத்தான் வளரும்.

பார்ப்பது சுலபம். வாயைப் பிளக்க வேண்டாம், கீழுதட்டைக் கட்டைவிரலால் இறக்கினால் போதும். மேலே முன்பல் கிடையாது, கீழே மட்டும் எட்டு. நடுவில் இரண்டு பல் அகலமாக, சற்று மஞ்சளாக, பக்கத்துப் பல்லைவிட உயரமாக நின்றால் அது ரெண்டு பல் கிடா, வயசு தாண்டியது. எட்டும் ஒரே மாதிரி என்றால் குட்டி. அந்த ஆளிடம் அப்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

காவேரிப்பட்டணம்:

வ அலைக்கும் ஸலாம் பாய். நீங்கள் சொன்னதில் பாதி சரி. ரெண்டு பல் போட்டிருந்தால் ஒரு வயசு நிச்சயம். ஆனால் பல் போடவில்லை என்பதற்காக வயசு ஆகவில்லை என்று சொல்ல முடியாது. வெள்ளாட்டுக்கு முதல் ஜோடி பல் விழுந்து முளைக்க 13, 14 மாதம், சிலதுக்கு 16 மாதம்கூட ஆகும். 12 மாதம் முடிந்து பால் பல்லோடு நிற்கிற கிடா எவ்வளவோ உண்டு, அதற்கு குர்பானி செல்லும். ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம், கேட்பது வயசை. பல் அதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

விற்கிறவரிடம் “எத்தனை மாசம்” என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார். “போன பக்ரீதுக்கு இது பிறந்திருந்ததா, தாய் வயிற்றில் இருந்ததா” என்று கேளுங்கள். ஹிஜ்ரி வருஷம் 354 நாள், சில வருஷம் 355. போன பக்ரீத் நாளான துல்ஹஜ் பிறை 10க்கு முன்னால் பிறந்திருந்தால் இந்தப் பெருநாளுக்கு ஒரு வயசு முடிந்துவிட்டது. ஆடு வளர்க்கிறவர்களுக்குத் தேதி ஞாபகம் இருக்காது, போன பக்ரீதுக்கு எந்தக் குட்டி நின்றது என்பது ஞாபகம் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி காதில் விழுகிறது: ஆறு மாசம் ஆனாலே போதும் என்பது. அது செம்மறிக்கு மட்டும். அதுவும் ஒரு வயசுச் செம்மறிகளோடு விட்டால் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கொழுத்திருக்க வேண்டும். மேச்சேரிச் செம்மறி வாங்குகிறவர்கள் இதைச் சொல்லலாம், வெள்ளாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நபித்தோழர் அபூ புர்தா (ரலி) பெருநாள் தொழுகைக்கு முன்பே அறுத்துவிட்டார். அது வெறும் கறிதான், குர்பானி ஆகாது என்றார்கள் நபி (ஸல்). என்னிடம் ஒரு வயசு ஆகாத வெள்ளாட்டுக்குட்டிதான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, அதையே அறுக்க அனுமதி கொடுத்து, உமக்குப் பிறகு வேறு யாருக்கும் இது செல்லாது என்றார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நேரம், வயசு இரண்டுக்கும் அந்த ஒரு ஹதீஸே ஆதாரம்.

ஓசூர், பாகலூர் ரோடு:

இவ்வளவு பல் ஆராய்ச்சி எதற்கு? குர்ஆனில் சூரா ஹஜ்ஜின் 37வது வசனம் தெளிவாக இருக்கிறது. அதன் கறியும் ரத்தமும் அல்லாஹ்வைச் சென்றடையாது, உங்கள் தக்வாதான், இறையச்சம்தான், சென்றடையும். இப்ராஹீம் (அலை) மகனையே கொடுக்கத் துணிந்த மனசுதான் இந்த நாளின் பொருள். இப்போது கிடாவுக்கு மாலை போட்டு ஸ்டேட்டஸ் வைப்பதும், எத்தனை கிலோ என்று பக்கத்து வீட்டோடு போட்டி போடுவதும்தான் தெருவுக்குத் தெரு நடக்கிறது. அதை முதலில் பேசுங்கள்.

காவேரிப்பட்டணம்:

ஸ்டேட்டஸ் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன் பாய். ஆனால் அந்த வசனம் நிபந்தனையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தக்வா இருக்கிறவர்தான் குனிந்து பல்லைப் பார்ப்பார். குர்பானிக்கு ஆகாத நான்கை நபி (ஸல்) பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள்: கண் போனது தெரிகிற ஆடு, நோய் தெரிகிற ஆடு, நொண்டுவது தெரிகிற ஆடு, எலும்பில் மஜ்ஜை வற்றிய மெலிந்த ஆடு. அதோடு காதையும் பாருங்கள். நம்ம பக்கம் மந்தையில் அடையாளத்துக்காகக் காதை வெட்டி விடுகிற பழக்கம் இருக்கிறது. காதுவில்லை போட்ட ஓட்டை, சின்னக் கீறல் பரவாயில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காது இல்லை என்றால் ஹனஃபியில் செல்லாது. கொம்பு பிறவியிலேயே இல்லாவிட்டால் தோஷமில்லை, வேரோடு பெயர்ந்திருந்தால் ஆகாது. காயடித்த கிடா தாராளமாக ஆகும்.

ஓசூரில் ஷாஃபி மத்ஹப் குடும்பங்கள் நிறையக் குடியேறியிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு வெள்ளாடு இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். ரெண்டு பல் பார்த்து வாங்கினாலும் அவர்களுக்குப் போதாது, நாலு பல்லாவது கேளுங்கள்.

நல்லம்பள்ளி, ஆடு வளர்ப்பு:

வணக்கம் பாய்களே. நான் முஸ்லிம் இல்லை, கிடா வளர்த்துச் செவ்வாய்ச் சந்தைக்குக் கொண்டுவருகிறவன். பல் விஷயத்தில் காவேரிப்பட்டணம் பாய் சொன்னதுதான் நடைமுறை. ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டைக் குட்டியில்கூட ஒன்று முன்னால் பல் போடும், ஒன்று பின்னால் போடும்.

ஆனால் வாங்கிப் போன பிறகு நடப்பதை யாரும் எழுதவில்லையே. தர்மபுரி டவுனில் ஒரு வீட்டு வாசலில், பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கிடா விழுந்து கிடந்தது. இடதுபக்க வயிறு மத்தளமாக எழும்பி, பல்லை நெரித்துக்கொண்டு, வாயில் நுரை. பிள்ளைகள் ஆசையாகச் சோறும் கோதுமையும் வாழைப்பழமும் போட்டிருக்கிறார்கள். வேலி ஓரம் மேய்ந்த ஆட்டுக்குத் திடீரென்று தானியம் போனால் வயிற்றில் புளிப்பு ஏறிவிடும். அசை போடுவது நின்றால் அதுதான் முதல் அறிகுறி.

கயிற்றை வாங்கும்போதே இதுவரை என்ன தின்றது என்று கேளுங்கள். கடலைக்கொடியா, சூபாபுல் தழையா, கேழ்வரகுத் தட்டா, அதையே ஒரு கட்டுக் கேட்டு வாங்கிப் போங்கள். முதல் நாள் தண்ணீரும் பழகின தழையும் மட்டும். தானியம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். அரிசிச்சோறு கூடவே கூடாது. வயிறு உப்பினால் முன்னங்கால் மேடான இடத்தில் இருக்கும்படி நிறுத்தி, 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெயை வாயோரமாக மெல்ல விடுங்கள். தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதிலேயே செத்துவிடும். தானியம் தின்றது தெரிந்தால் 10 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அதைச் செய்துகொண்டே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிட வேண்டும், காலை வரைக்கும் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

எடை போட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சந்தைக்கு வரும் வழியில் உப்பைத் தின்ன வைத்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிறு இரண்டு பக்கமும் தளும்பும், புழுக்கை உருண்டையாக விழாமல் கூழாக விழும். அந்தத் தண்ணீருக்கும் நீங்கள் கிலோ விலை கொடுக்கிறீர்கள். நியாயமான கிடாவில் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி நிற்கும். 30 கிலோவுக்கு 14 கிலோ வந்தால் நல்ல கிடா.

அறுப்பதற்கு முந்தின ராத்திரி தீனியை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள். வயிறு நிறைந்திருந்தால் குடல் எடுக்கும்போது கிழிந்து கறியெல்லாம் நாறும்.

பழையபேட்டை, கிருஷ்ணகிரி:

அண்ணே, நல்ல விஷயம் சொன்னீர்கள். அப்படி ஆடு செத்துவிட்டால் வசதி இருக்கிறவர் வேறு ஆடு வாங்கி அறுக்கத்தான் வேண்டும், கடமை நீங்காது. வசதி இல்லாமல் ஆசைப்பட்டு வாங்கினவர் மறுபடி வாங்க வேண்டியதில்லை. இது ஹனஃபி சட்டம்.

பல் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. காவேரிப்பட்டணம் பாய் சொல்கிற “போன பக்ரீது” கேள்விக்கு, வளர்த்தவரே நேரில் நின்றால்தான் பதில் கிடைக்கும். சந்தையில் பாதி வியாபாரிகளும் தரகர்களும். கைமாறி வந்த கிடாவின் பிறப்பு அவர்களுக்கு எப்படித் தெரியும்? வளர்த்தவர் முன்னால் இல்லையென்றால் ரெண்டு பல்லுக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்:

தரகரிடம் வாங்குகிறவர்களுக்கு அது சரியான எச்சரிக்கை, ஒத்துக்கொள்கிறேன்.

பர்கூர்:

தோலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. போன பெருநாளில் ஒரு மதரஸா வாசலில் பிளாஸ்டிக் பையில் கட்டின தோல்கள் மலையாகக் குவிந்திருந்தன. சாயங்காலம் பையைப் பிரித்தபோது, ஒரு தோலில் விரல் வைத்து இழுத்தால் மயிர் கொத்தோடு கையில் வந்தது. மயிர் கழன்ற தோலை வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போக வேண்டிய பணம் குழிக்குள் போனது.

உரித்த தோலைப் பையில் கட்டக் கூடாது, உள்ளே சூடு ஏறி அழுகிவிடும். தண்ணீரில் கழுவவும் கூடாது. ஒட்டியிருக்கிற கொழுப்பையும் சதையையும் எடுத்துவிட்டு, நிழலில், மயிர் கீழே, சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். கல்லுப்பு ஓரம் வரைக்கும், கால் தோல், கழுத்து மடிப்பு உள்பட தேய்க்க வேண்டும். தோலின் எடையில் பாதி உப்பு, அதாவது ஆட்டுத்தோல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அறுத்த நாலு ஐந்து மணி நேரத்துக்குள் உப்பு விழ வேண்டும். உரிக்கும்போது கத்தியை வயிற்றுக் கோட்டுக்கும் காலுக்கும் மட்டும் வையுங்கள், மீதியைக் கைமுட்டியால் தள்ளினால் தானாக வரும். ஒரு கத்திக் கீறல் விழுந்தாலே விலை இறங்கிவிடும்.

அறுக்க வந்தவருக்குக் கூலிக்குப் பதிலாகத் தோலோ தலைக்காலோ கொடுக்கிற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறது, அது கூடாது. அலீ (ரலி) அவர்களிடம் கறி, தோல் எல்லாவற்றையும் தர்மம் செய்யச் சொன்ன நபி (ஸல்), அறுப்பவருக்கு அதிலிருந்து கூலி கொடுக்க வேண்டாம், நம் பணத்திலிருந்து கொடுப்போம் என்றார்கள். கூலியைக் காசாகக் கொடுத்துவிட்டு, அன்பளிப்பாகக் கறி கொடுத்தால் தவறில்லை. தோலை நாமே வைத்துக்கொள்ளலாம், விற்றால் அந்தப் பணம் ஏழைக்கு.

ஓசூர், பாகலூர் ரோடு:

என் பங்குக்கு, பெருநாள் தொழுகைத் திடலான ஈத்காவில் பார்த்த ஒன்று. இரண்டாவது ரக்அத்தில், அதாவது தொழுகையின் இரண்டாவது சுற்றில், இமாம் குர்ஆன் ஓதும் கிராஅத்தை முடித்து அல்லாஹு அக்பர் என்றதும் பின்வரிசை முழுவதும் குனிந்து ருகூவுக்குப் போய்விட்டது, முன்வரிசை நின்றுகொண்டிருந்தது. ஹனஃபியில் அல்லாஹு அக்பர் என்று சொல்கிற கூடுதல் தக்பீர் ஆறு. முதல் ரக்அத்தில் தொடக்கத் துதியான ஸனாவுக்குப் பிறகு மூன்று. முதல் இரண்டுக்குக் கையை உயர்த்திக் கீழே விட வேண்டும், மூன்றாவதுக்குக் கட்ட வேண்டும். இரண்டாவது ரக்அத்தில் கிராஅத்துக்குப் பிறகு மூன்று, மூன்றுக்கும் கையை விட்டுவிட வேண்டும். நாலாவது தக்பீருக்குத்தான் ருகூவு. ஷாஃபியில் ஏழும் ஐந்தும், இரண்டும் கிராஅத்துக்கு முன்னால். வருஷத்துக்கு இரண்டே முறை தொழுகிற தொழுகை, மறப்பது இயல்புதான். தொழுகைக்கு முன் இமாம் ஒரு நிமிஷம் மைக்கில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தஷ்ரீக் தக்பீரும் அப்படித்தான் விடுபடுகிறது. பிறை 9 அரஃபா நாள் அதிகாலை ஃபஜ்ரில் தொடங்கி பிறை 13 மாலை அஸர் வரைக்கும் 23 ஃபர்ளு (கடமை) தொழுகைக்குப் பிறகும் சொல்ல வேண்டும். பெருநாள் கழிந்த மறுநாளே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

தர்மபுரி:

அறுக்கிற இடத்தில் பார்த்தது. அவசரத்தில் ஆட்டை எந்தப் பக்கமோ சாய்த்துவிட்டு, பிறகு மக்கா திசையான கிப்லா ஞாபகம் வந்து நாலு பேர் சேர்ந்து தரையில் இழுத்துத் திருப்பினார்கள். பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த அடுத்த ஆடு அதைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் கண் முன்னாலேயே கத்தியும் தீட்டினார்கள். இவை எல்லாமே மார்க்கத்தில் வெறுக்கப்பட்டவை.

நம்ம ஊருக்குக் கிப்லா மேற்கு, சற்று வடக்காக. ஆட்டைத் தெற்கே பார்க்க நிறுத்தி இடதுபக்கமாகச் சாய்த்தால் தலை தெற்கிலும் கால் மேற்கிலும் வந்துவிடும், இழுக்க வேண்டியதே இல்லை. அறுப்பவர் முதுகுப் பக்கம் இருந்து மேற்கே பார்த்துக்கொண்டு, இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கையால் பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் சொல்லி அறுக்கலாம். மூன்று காலைக் கட்டி, பின்னங்கால் வலதை விட்டுவிடுங்கள், அது உதறினால்தான் ரத்தம் நன்றாக வடியும். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரண்டு பக்க ரத்தக்குழாய், நாலும் அறுபட வேண்டும். கழுத்தெலும்பு வரைக்கும் கத்தி போகக் கூடாது, கழுத்தை முறிக்கவும் கூடாது. அசைவு முழுவதும் அடங்கின பிறகுதான் தோலில் கை வைக்க வேண்டும். சில இடங்களில் கால் உதறிக்கொண்டிருக்கும்போதே உரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கொதிக்கிறது.

கறி வந்தவுடன் பிரியாணிக்குப் போடாதீர்கள். அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைக்கும், அப்போது வேக வைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். முதலில் ஈரலை வறுத்துச் சாப்பிடுங்கள், கறியை ராத்திரிச் சமையலுக்கு வையுங்கள். வீட்டுக்கு, சொந்தக்காரர்களுக்கு, ஏழைக்கு என்று பிரிக்கிற மூன்று பங்கில் ஏழைப் பங்கை மட்டும் தள்ளிப் போடாமல் மதியத் தொழுகையான லுஹருக்குள் கொடுத்து முடியுங்கள், அவர்கள் வீட்டு அடுப்பும் அன்றைக்கே எரியட்டும். எலும்பும் கொழுப்புமாக ஒதுக்கி அந்தப் பையில் போடுவதையும் நிறுத்த வேண்டும். தொடைக்கறி மூன்று பங்கிலும் விழ வேண்டும்.